புத்தகத்தை முகர்ந்து பாருங்கள்!

குழந்தைகளே, பள்ளி திறந்து புதுப் புத்தகம் கைக்கு வந்ததும் முதலில் என்ன செய்வீர்கள்? பெயர் எழுதுவீர்களா? பிரவுன் ஷீட்டில் அட்டை போடுவீர்களா? பொய் சொல்லக் கூடாது! நடுப்பக்கத்தைப் பிரித்து, மூக்கை உள்ளே விட்டு, ஒருமுறை நன்றாக இழுப்பீர்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இதைப் பார்த்துவிட்டு, "புத்தகம் படிக்கவா, மோந்து பார்க்கவா?" என்று கேட்கும் பெரியவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. இரண்டுக்கும்தான் என்பது என் கட்சி!

நமக்குப் பிடித்த வாசனைகள் எத்தனையோ இருக்கின்றன. காலையில் டிகாஷன் இறங்கும் வாசனை, பென்சில் சீவும்போது வரும் மர வாசனை, மயிலாப்பூர் மாட வீதியில் கூடை கூடையாக மல்லிகை... கோடை முடிந்து முதல் மழை விழும்போது எழும் மண் வாசனையை விட்டுவிட முடியுமா? 1964-ல் இரண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் அதற்கு 'பெட்ரிகோர்' என்று பெயர் வைத்தார்கள். உத்தரப் பிரதேசத்தில் கன்னோஜ் என்று ஓர் ஊர். அங்குள்ளவர்கள் அதற்கு முன்பே மண் வாசனையை அத்தராக வடித்து, குப்பியில் அடைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். பெயர் வைப்பதில்தான் நாம் கொஞ்சம் பின்தங்கிவிட்டோம்.

ஆனால் பாருங்கள், மண் வாசனை சிறிது நேரத்தில் போய்விடும். மல்லிகை மறுநாள் வாடிவிடும். புத்தக வாசனைக்கு மட்டும் மனிதர்களைப் போல வயது ஏறும்! புதுப் புத்தகத்தில் வருவது அச்சு மை, பசை, காகிதம் ஆகியவற்றின் வாசனை. வருடங்கள் போகப் போக அது மறைந்து, வேறொரு வாசனை பிறக்கும்.

அது எங்கிருந்து வருகிறது? காகிதம் மரக்கூழில் இருந்து செய்யப்படுகிறது. மரத்தில் 'லிக்னின்' என்ற பொருள் இருக்கிறது. மலிவான காகிதத்தில் இது அதிகம். பழைய செய்தித்தாள் மஞ்சளாவதும் இதனால்தான். லிக்னின் சிதையும்போது 'வெனிலின்' உண்டாகிறது. வெனிலா ஐஸ்கிரீமில் மணப்பது இதேதான்! கூடவே பாதாம் போல மணக்கும் 'ஃபர்ஃபுரால்', வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலம் எல்லாம் சேர்ந்து காற்றில் கலக்கின்றன.

இதில் ஒரு வருத்தமான விஷயமும் இருக்கிறது. அந்த இனிய வாசனை வந்தால், காகிதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைகிறது என்று அர்த்தம். புத்தகம் தன்னையே சிறிது சிறிதாகக் காற்றில் விட்டுக்கொண்டிருக்கிறது. அமிலம் ஏறிய தாளை மடித்தால் அப்பளம் போல உடைந்துவிடும்.

இப்படிப்பட்ட தாள்களைக் காப்பாற்றும் இடம் ஒன்று சென்னை தரமணியில் இருக்கிறது. டைடல் பார்க்கையும் கம்ப்யூட்டர் கம்பெனிகளையும் பார்த்துவிட்டு, தரமணி என்றால் அவ்வளவுதான் என்று நினைப்பவர்கள் பலர். அங்கே மத்திய பாலிடெக்னிக் வளாகத்தில் இருக்கிறது ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்.

ரோஜா முத்தையா செட்டியார் செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்தவர். பெயர்ப் பலகை எழுதும் ஓவியர். பெரிய கதைப் புத்தகங்களை மட்டும் அவர் சேர்க்கவில்லை. நாடக நோட்டீஸ், சினிமா பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, கடிதம் என்று மற்றவர்கள் தூக்கி எறிவதையெல்லாம் தேடித் தேடிச் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்தபோது சுமார் 1 லட்சம் பொருட்கள் சேர்ந்திருந்தன! அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கியது. ஆனால் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோகவில்லை. சென்னையிலேயே 1994-ல் நூலகமாக்கினார்கள். முதலில் முகப்பேரில் இருந்து, பிறகு தரமணிக்கு வந்தது. உடையும் நிலையில் உள்ள பக்கங்களை அங்கே படம் பிடித்து வைக்கிறார்கள். தாள் போனாலும் எழுத்து போகாது.

நம் முன்னோர்கள் வாசனையையே காவலுக்கு வைத்தார்கள் என்பது தெரியுமா? ஓலைச்சுவடிக்குப் புல் தைலம் தடவுவார்கள். தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, கிராம்பு, பட்டை எல்லாவற்றையும் பொடித்து, கற்பூரம் சேர்த்து, துணியில் முடிந்து சுவடிகளுக்குப் பக்கத்தில் வைப்பது வழக்கம். பிரியாணிக்கு அல்ல, பூச்சியை விரட்ட!

இந்தக் கதையெல்லாம் தெரிந்தவர்கள்கூட, பரணில் இருக்கும் தாத்தா புத்தகங்களைக் கிலோ கணக்கில் பழைய பேப்பர் கடைக்குப் போடுகிறார்கள். எனக்குக் கோபம் வருவது இதில்தான். மூட்டை கட்டும் முன்பு நீங்கள் போய் ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரியுங்கள். உள்ளே தாத்தாவின் கையெழுத்து இருக்கலாம். விலை எட்டணா என்று இருக்கலாம். (கருப்பாகவோ பச்சையாகவோ பூசணம் பிடித்திருந்தால் மட்டும் மூக்கருகில் கொண்டுபோகாதீர்கள். தும்மலும் இருமலும் வந்து சேரும்.)

லண்டனில் விஞ்ஞானிகள் பழைய புத்தக வாசனையைப் பதிவு செய்யவே ஆராய்ச்சி செய்தார்கள். புத்தகம் என்று சொல்லாமல் அந்த வாசனையை மட்டும் மக்களிடம் முகரக் கொடுத்தார்கள். "சாக்லேட்", "காபி" என்று பலர் சொன்னார்களாம்! 2017-ல் அந்த ஆராய்ச்சி வெளியானது.

சாக்லேட்டும் காபியும் அவர்கள் மூக்குக்குத் தெரிந்தவை. நம் வீட்டுப் பழைய புத்தகத்துக்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்? வெல்ல டப்பா? நெல் மூட்டை? பாட்டியின் மரப்பெட்டி? என் ஓட்டு, மூடி திறந்த பழைய புளி ஜாடிக்கு!