புவாசா அட்டையும் வலிப்பு மாத்திரையும்

ஜார்ஜ் டவுன் மருத்துவமனையொன்றில் அறுவைக்கு முதல்நாள் இரவு படுக்கையின் தலைமாட்டில் மலாய் மொழியில் உபவாசத்தைக் குறிக்கும் ‘புவாசா’ என்ற அட்டை தொங்கவிடப்பட்டதும், சோற்றோடும் காப்பியோடும் சேர்த்து, நோயாளி ஆண்டுக்கணக்காக உட்கொண்டுவரும் வலிப்பு மாத்திரையையும் நிறுத்திவிட வேண்டுமென்று நம்மவரிடையே நிலவும் அபிப்பிராயம், பரிவினாலே பிறந்ததாயினும் பெரும் விபரீதத்தை விளைக்கவல்லது.

உபவாசமென்றால் முழு உபவாசம் என்பது அவர்களது முதல் வாதம். மயக்கத்தில் வயிற்றிலுள்ளது மேலெழுந்து சுவாசப்பையில் புகலாகாது என்பதற்காகவே இந்த நியமம். அதற்குத் திட உணவை 6 மணி நேரமும் தெளிந்த நீரை 2 மணி நேரமும் முன்னதாக நிறுத்தினால் போதுமென்று மயக்கவியல் வைத்தியர்கள் வகுத்திருக்கையில், விழுங்கவல்ல நோயாளி விடியற்காலை மாத்திரையை ஒரு மிடறு நீரோடு உட்கொள்வதற்குப் பெரும்பாலும் தடையில்லை. மிஸ்ஸி எனப்படும் தாதியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வதுதான் அவசியம்.

ஒருநாள் விட்டால் பாதகமில்லை என்கிறார்கள். 1912 முதல் வழங்கிவரும் பினோபார்பிட்டால் இரத்தத்தில் பாதியாகக் குறைவதற்கே மூன்று நான்கு நாட்களாகும்; அம்மருந்தின் காலத்து அனுபவமே இந்நம்பிக்கைக்கு வித்தாயிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் இன்று பலர் உட்கொள்ளும் லெவெட்டிராசிட்டம் 6 முதல் 8 மணி நேரத்திலேயே பாதியாகி, ஒருநாள் கழிவதற்குள் எட்டில் ஒரு பங்கோ அதனினும் குறைவாகவோ எஞ்சுகிறது. அந்நிலையில் எழும் வலிப்பு 5 நிமிடம் கடந்தும் ஓயாவிடில், அது உயிருக்கே அபாயமாகும்.

பக்கவாதத்தால் விழுங்கவியலாதவருக்கு மாத்திரையைப் பொடித்து மூக்குக் குழாயில் விட்டால் போயிற்று என்பாருமுளர். மெல்லக் கரையும்படி செய்யப்பட்ட வால்ப்ரோயேட், கார்பமாசெபின் மாத்திரைகளைப் பொடித்தால், நெடுநேரம் பரவ வேண்டிய மருந்து ஒரேயடியாக உடலிற் சேர்ந்துவிடும். பெனிட்டோயினின் சங்கடமோ வேறு: குழாய்வழிச் செல்லும் பாலுணவோடு கலந்தால் அது சரிவர உறிஞ்சப்படாதாகையால், மருந்துக்கு முன்னும் பின்னும் ஓரிரு மணி நேரம் உணவை நிறுத்தி வைப்பர்.

வேறு வழியில்லை என்பதும் பொருந்தாது. லெவெட்டிராசிட்டத்தையும் வால்ப்ரோயேட்டையும் வாய்வழி உட்கொண்ட அதே நாளளவில் நரம்பு வழியே ஏற்றலாம். பெனிட்டோயினையும் ஏற்றலாம், எனினும் நிமிடத்துக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படாமல், இருதயத் துடிப்பைக் கண்காணித்தவாறே ஏற்ற வேண்டும். கார்பமாசெபினுக்கு மட்டும் இவ்வழி எளிதில் வாய்ப்பதில்லை. ஆசனவாய் வழியாகவோ வேறொரு மருந்தைத் தற்காலிகமாகக் கொடுத்தோ ஈடுசெய்ய வேண்டியிருப்பதால், அதை உட்கொள்பவரின் வீட்டார் மாத்திரை அட்டையையும் வேளைக் குறிப்பையும் அறுவையன்று காலையில் தேடாமல், அனுமதிக்கப்படும் நாளிலேயே வைத்தியர் கையில் கொடுத்துவிட வேண்டும்.