6 மணி நேரத்துக்கு ஒருமுறை வாட்ஸ்அப் வெப் லாக்அவுட்: மோசடி குறையுமா?

காலை 9 மணிக்கு ஆபீஸ் லேப்டாப்பில் வாட்ஸ்அப் வெப்பைத் திறந்தால், மதியம் 3 மணிக்குள் அது தானாக லாக்அவுட் ஆகணும். மறுபடி போனை எடுத்து கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணணும். மத்திய தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பர் 28-ல் பிறப்பித்த உத்தரவின் நடைமுறை அர்த்தம் இதுதான். டெலிகிராம், சிக்னல், நம்ம ஊர் சோஹோவின் அரட்டை எல்லாமே பட்டியலில் இருக்கின்றன. பதிவு செய்த சிம் போனில் இருந்தால்தான் ஆப் இயங்கணும் என்பது உத்தரவின் இன்னொரு பாதி. அப்போது தரப்பட்ட அவகாசம் 90 நாள். வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு இந்திய எண்களில் நடத்தப்படும் 'டிஜிட்டல் அரெஸ்ட்' போன்ற மோசடிகளைத் தடுப்பதே நோக்கம் என்கிறது அரசு.

செஷன் காலாவதி எதற்கு? இணையதளத்துக்கு இயல்பாக ஞாபகசக்தி கிடையாது. லாகின் செய்ததும் சர்வர் ஒரு டோக்கன் தரும். பிரவுசர் அதை குக்கியாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் காட்டும். கோயில் வாசல் செருப்பு ஸ்டாண்ட் டோக்கன் மாதிரிதான். யார் கொண்டுவந்தாலும் செருப்பு கிடைக்கும். (வாட்ஸ்அப் வெப்பில் பிரவுசருக்குள் சேமிக்கப்படும் சாவிகள் இந்த வேலையைச் செய்கின்றன.) 2023 மார்ச்சில் 'லைனஸ் டெக் டிப்ஸ்' யூடியூப் சேனல் இப்படித்தான் பறிபோனது. ஊழியர் ஒருவர் திறந்த போலி ஃபைல் வழியாக செஷன் டோக்கன் திருடப்பட்டது. பாஸ்வேர்டு, ஓடிபி எதுவும் திருடர்களுக்குத் தேவைப்படவில்லை.

காலாவதியில் இரண்டு வகை. சும்மா இருந்தால் வெளியேற்றுவது ஒன்று; நெட்பேங்கிங்கில் பார்த்திருப்பீர்கள். வேலை பார்த்துக்கொண்டிருந்தாலும் நேரம் முடிந்ததும் வெளியேற்றுவது மற்றொன்று. உத்தரவு இரண்டாவது வகை. உத்தரவு வந்தபோது வாட்ஸ்அப் வைத்திருந்த விதி ரொம்பத் தளர்வானது: முதன்மை போனை 14 நாள் தொடாமல் இருந்தால்தான் இணைத்த சாதனங்கள் வெளியேறும்.

பிரவுசிங் சென்டரில் லாக்அவுட் செய்ய மறந்தவருக்கு 6 மணி நேர விதி நிச்சயம் உதவும். மோசடிக் கும்பலுக்கு? சிம் போட்ட போன் இந்தியாவில், திரை வெளிநாட்டில் என்றால், இங்கே ஒருவர் நாளுக்கு நாலு தடவை ஸ்கேன் பண்ணணும். அதற்கு ஒரு ஆளைப் போடுவது அவர்களுக்குப் பெரிய செலவா என்ன?

எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. அடிக்கடி ஸ்கேன் கேட்டால் கை பழகிவிடும். எந்த கியூஆர் வந்தாலும் யோசிக்காமல் போனை நீட்டுவோம். ரஷ்யா சார்புக் குழுக்கள் போலி கியூஆர் மூலம் சிக்னல் கணக்குகளைத் தங்கள் சாதனத்தில் இணைத்துக்கொண்டதை 2025 பிப்ரவரியில் கூகுள் வெளியிட்டது. டோக்கனை அந்தக் கணினியோடு பிணைத்து, வேறெங்கும் செல்லாமல் செய்யும் முறையை 2024-ல் குரோமில் அதே கூகுள் சோதிக்கத் தொடங்கியது. உத்தரவு அந்தப் பக்கம் போகவில்லை.

இப்போதைக்கு, வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' பட்டியலைத் திறந்து பாருங்கள். தெரியாத பிரவுசர் பெயர் இருந்தால், 6 மணி நேரம் காத்திருக்காமல் உடனே லாக்அவுட் பண்ணிவிடுங்கள்.