கெட்டி மேளமும் காவல் நாயும்

நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றின் வாசலில், சென்ற ஆவணி மாதம் ஒரு நாயைக் கண்டோம். உள்ளே தகரத்தின் மேல் சுத்தியல் ஓயாமல் விழுந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒருவர் புதிதாகப் பொருத்திய ஹாரனை அமுக்கி அமுக்கிச் சரிபார்த்துக் கொண்டிருந்தார். நாம் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டோம். நாயோ ஒரு கண்ணை மட்டும் திறந்து நம்மைப் பார்த்தது. 'ஊருக்குப் புதிது போலிருக்கிறது' என்று எண்ணிற்றோ என்னவோ, மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டு தூங்கலாயிற்று.

மறுநாள் அதே ஊரில் நம் நண்பர் வீட்டில் காதுகுத்து விசேஷம். அந்த வீட்டிலும் ஒரு நாய் உண்டு. மணி என்று பெயர். பரம சாது. வீட்டுக் குழந்தைகள் அதன் வாலைப் பிடித்து இழுத்தாலும் முகம் சுளிக்காது. அன்று விடியற்காலையிலேயே அதைக் கொல்லைப்புறத்தில், சமையல் பந்தலுக்கு அருகே சங்கிலியால் கட்டிவிட்டார்கள். இருநூறு பேர் வந்தார்கள். நாதஸ்வரம் முழங்கிற்று. வந்தவர்களில் பாதிப் பேர் கை கழுவப் போகும் வழியில் மணியை 'ஜூ ஜூ' என்று சீண்டிவிட்டுப் போனார்கள். கெட்டி மேளம் கொட்டிய சமயத்தில், உறவினர் பையன் ஒருவன், ஏழு வயது இருக்கும், கையில் லட்டுடன் அதனிடம் ஓடினான். நாய் உறுமிற்று. பையன் சிரித்தான். அடுத்த கணம் அவன் மணிக்கட்டில் பல் பட்டுவிட்டது.

நல்ல வேளையாக, வீட்டு அம்மாள் பதறாமல் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவினார். உடனே ஆஸ்பத்திரிக்கும் அனுப்பினார். மணிக்கு வருஷந்தோறும் தடுப்பூசி போட்டிருந்தார்கள். ஆயினும் பையனுக்கு ஊசி போட்டதே சரியான காரியம். வெறிநாய்க்கடி நோய் ஒரு முறை தலைகாட்டிவிட்டால் அநேகமாகத் தப்புவாரில்லை.

மாலையில் பந்தலைப் பிரிக்கும்போது மணியின் மேல் விசாரணை நடந்தது. "கரூர் ரோட்டுப் பக்கமாக் கொண்டுபோய் விட்டுட்டு வந்துருங்க" என்றார் ஒரு பெரியவர். நண்பரின் மகள் தூணைக் கட்டிக்கொண்டு அழுதாள். நண்பர் நம்மைப் பார்த்து, "ஏனுங்க, அஞ்சு வருசமா ஒருத்தரையும் தொட்டதில்லைங்க. இன்னைக்கு என்ன வந்துச்சுங்க அதுக்கு?" என்று கேட்டார்.

நமக்குப் பட்டறை நாயின் ஞாபகம் வந்தது. அது ஹாரன் ஓசைக்கு அஞ்சாததற்குக் காரணம் அதன் தைரியம் அன்று. குட்டியாக இருந்த நாள் முதல் அந்த ஓசை தினந்தோறும் அதன் காதில் விழுந்து வந்தது; அதனால் ஒரு தீங்கும் விளையவில்லை. மணிக்கோ, இருநூறு பேரும், மேளமும், அடுப்புப் புகையும், அந்நியக் கைகளும் ஒரே நாளில், ஒரே முகூர்த்தத்தில் வந்து சேர்ந்தன. ஓடி ஒளியலாமென்றால் கழுத்தில் சங்கிலி! சிறிது சிறிதாக வருவது பழக்கம். ஒரே அடியாக வருவது பயம். இந்தப் பேதத்தைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

நாய்களின் மேல் இன்னொரு நியாயமும் உண்டு. நம் நாட்டு நாய்களை நம் முன்னோர் எதற்காக வளர்த்தார்கள்? காவலுக்கும் வேட்டைக்கும் அல்லவா? கோம்பை நாயும், 2005-ம் வருஷம் தபால் தலையில் இடம் பெற்ற ராஜபாளையம் நாயும் அந்நியனைக் கண்டு குரைப்பதற்காகவே பேர் பெற்றவை. முன்னூற்று அறுபத்து நாலு நாள் குரைத்ததற்காகத் தட்டிக்கொடுத்துவிட்டு, ஒரு நாள் மட்டும் ஏன் குரைத்தாய் என்று அடித்தால் அதற்கு எப்படி விளங்கும்?

ஆனால் விளங்க வைக்க முடியும். ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் 1904-ல் நோபல் பரிசு பெற்றார். பரிசு என்னவோ ஜீரண ஆராய்ச்சிக்காகத்தான். ஆனால் அவர் பெயரை நிலைநாட்டியவை நாய்களே. ஓர் ஓசையைக் கேட்டதும் ஆகாரம் கிடைக்கும் என்று பழக்கினால், பிறகு ஓசையைக் கேட்ட மாத்திரத்திலேயே நாயின் வாயில் நீர் ஊறுகிறது என்று அவர் கண்டார். மேளத்தைக் கேட்டால் பயம் வருகிற நாய்க்கு, மேளத்தைக் கேட்டால் முட்டை வரும் என்று கற்பித்துவிட்டால் காரியம் பாதி முடிந்தது. நாமக்கல்லில் முட்டைக்கா பஞ்சம்?

செய்ய வேண்டியது இதுதான். கூடம் கண்ணுக்குத் தெரியும்படியாகவும், ஆனால் ஆள் நடமாட்டம் இல்லாததாகவும் ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து, ஒரு கோணிச் சாக்கை விரியுங்கள். நாய் அதன்மேல் கால் வைத்ததும் வேகவைத்த முட்டையில் ஒரு சிறு துணுக்கைச் சாக்கின் மேலேயே போடுங்கள். படுத்தால் இன்னொன்று. வேளைக்கு ஐந்து நிமிஷம், தினம் இரண்டு வேளை போதும். சில நாட்களில், 'இடம்' என்று ஒரு வார்த்தை சொன்னதும் தானே போய்ப் படுத்துக்கொள்ளும். அதன் பிறகு, அது படுத்திருக்கையிலேயே கதவைத் திறந்து மூடுங்கள், வாசல் மணியை அடியுங்கள், பக்கத்து வீட்டார் ஒருவரை வரச் சொல்லுங்கள், பிறகு இருவரை. செல்போனில் நாதஸ்வரத்தை மெல்லிய சப்தத்தில் வைத்து, நாளுக்கு நாள் சிறிது கூட்டுங்கள். ஒரு சமயத்தில் ஒன்றையே கூட்ட வேண்டும். முட்டையை நாய் தின்ன மறுத்தால் நாம் அவசரப்பட்டுவிட்டோம் என்று அர்த்தம். ஒரு படி பின்னால் போக வேண்டியதுதான். விசேஷத்துக்குப் பத்திரிகை அச்சடிக்கக் கொடுக்கும் தினத்திலேயே இதையும் தொடங்குவது உசிதம்.

நாயின் பாஷையையும் நாம் சிறிது கற்க வேண்டும். தூக்கமில்லாதபோது கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, வாலை இடுக்கிக்கொள்வது, கண்ணில் வெள்ளை தெரியப் பார்ப்பது, இவையெல்லாம் 'என்னை விட்டுவிடுங்கள்' என்ற விண்ணப்பங்கள். கடைசி விண்ணப்பம் உறுமல். உறுமியதற்காக நாயை அடிப்பவர்கள் எச்சரிக்கை மணியைக் கழற்றி எறிகிறார்கள். அடுத்த முறை அது சொல்லாமலே கடிக்கும். சாதுவாக இருந்த நாய் திடீரென்று சிடுசிடுத்தால், காதுப் புண்ணோ பல் வலியோ இருக்கலாம். நாமக்கல் வாசிகளுக்கு 1985-ல் ஆரம்பமான கால்நடை மருத்துவக் கல்லூரி ஊரிலேயே இருக்கிறது. பழக்கத் தொடங்கு முன் வைத்தியரிடம் ஒரு முறை காட்டிவிடுவது நல்லது.

விசேஷ தினத்தன்று காலையில் நாயை நெடுந்தூரம் நடத்தி அழைத்துச் சென்று வாருங்கள். அதைக் கவனித்துக்கொள்ள வீட்டில் ஒருவரை நியமித்துவிடுங்கள். சீர்த் தட்டு எண்ணுபவருக்கு அந்த வேலையைக் கொடுக்கவேண்டாம்! கெட்டி மேளம் கொட்டும் நேரத்தில் உள் அறையில் மின்விசிறியைச் சுழலவிட்டு, தண்ணீர் வைத்து, அதன் சாக்கையும் போட்டுக் கதவைத் தாழிட்டு விடலாம். நாய் சபையில் இல்லாததால் யாருக்கும் மரியாதைக் குறைவு வந்துவிடாது. குழந்தைகளைப் பெரியவர் துணையில்லாமல் அருகில் விடலாகாது. விருந்துச் சாப்பாடும் வேண்டாம். லட்டில் இருக்கும் திராட்சை அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கும், சாக்லேட் விஷம், வெங்காயம் ரத்தத்தைக் கெடுக்கும், வெந்த கோழி எலும்பு சிலும்பிக் குடலைக் கிழிக்கும்.

இவ்வளவையும் நண்பரிடம் அன்றிரவே சொன்னோம். பெரியவர் மட்டும், "நாய்க்கு இத்தனை உபசாரமா?" என்று கேட்டுவிட்டு வெற்றிலை போடலானார். மணி கரூர் ரோட்டுக்குப் போகவில்லை.

தை மாதம் அதே வீட்டில் வளைகாப்பு. கூட்டம் சற்றுக் குறைவுதான், சப்தம் குறைவில்லை. மணி கூடத்து மூலையில் சாக்கின்மேல் படுத்திருந்தது. வாசலில் கார் வந்து நின்றபோது காதை நிமிர்த்தியது; நண்பரின் மகளைப் பார்த்தது; அவள் முட்டைத் துணுக்கு ஒன்றைப் போட்டாள். கடிபட்ட பையனும் வந்திருந்தான். தூரத்திலேயே நின்று வெகு நேரம் பார்த்தான். பிறகு அவளிடம் போய், "நானும் ஒண்ணு போடட்டுமா, அக்கா?" என்று கேட்டான். "கிட்டப் போகாதே, இங்கிருந்தே போடு" என்றாள் அவள். அவன் எறிந்த துணுக்கு சாக்கின்மேல் விழுந்தது. மணி அதைத் தின்றுவிட்டு, முன்னங்கால்களின் மேல் தலையை வைத்துக்கொண்டது.

வெற்றிலைப் பெட்டியுடன் உட்கார்ந்திருந்த பெரியவர் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் விடைபெறும்போது, வேகவைத்த முட்டையா பச்சை முட்டையா என்று நம்மைத் தனியாக அழைத்துக் கேட்டுக்கொண்டு போனார்.