காது வலியும் சொட்டு மருந்தும்

கோடை விடுமுறையில் கிணற்றிலும் குளத்திலும் நீந்திக் களித்த சிறுவர்கள், ஓரிரு நாள்களில் காது வலியென்று அழுவதுண்டு. காது மடலை மெல்ல இழுக்கும்போதோ, துவாரத்தின் முன்னுள்ள சிறு மேட்டை அழுத்தும்போதோ வலி மிகுமாயின், அது பெரும்பாலும் புறச்செவிக் குழாயின் அழற்சியே. தேங்கிய நீரில் குழாயின் தோல் ஊறிப்போகிறது. கொண்டை ஊசியாலோ தீக்குச்சியாலோ குடைந்த கீறலும் இருந்துவிட்டால், கிருமிகள் எளிதில் பற்றிக்கொள்கின்றன.

இந்நோய்க்கு மாத்திரையைவிடச் சொட்டு மருந்தே பெரும்பாலும் ஏற்றது. நோயுற்ற இடத்திலேயே அது செறிவாகப் படிகிறது. ஆயினும், அன்புள்ள பெற்றோரே, மருத்துவர் காதினுள் பார்க்குமுன் எந்தச் சொட்டையும் விடாதீர்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால், நியோமைசின், ஜென்டாமைசின் போன்றவை கலந்த சொட்டுகள் உட்செவியை அடைந்து, கேட்கும் ஆற்றலையே கெடுத்துவிடக்கூடும். அந்த ஓட்டை நம் கண்ணுக்குப் புலப்படாது. நோய்க்குக் காரணம் காளானாயின், பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தால் அது மேலும் பெருகவும் கூடும். ஆதலின், அண்ணனுக்கு வாங்கி மிஞ்சிய மருந்து தம்பிக்கு ஆகாது. காய்ச்சிய எண்ணெய், தாய்ப்பால் ஆகியவற்றையும் காதில் ஊற்றலாகாது.

மருத்துவர் எழுதித் தந்த மருந்தையும் முறைப்படி விடவேண்டும். குளிர்ந்த சொட்டு தலைசுற்றலை உண்டாக்கும். எனவே புட்டியைச் சில நிமிடங்கள் உள்ளங்கையில் பொத்தி வைத்து, வெதுவெதுப்பானபின் பயன்படுத்துங்கள். நோயுற்ற காது மேலிருக்குமாறு குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 3 வயதுக்குட்பட்ட குழந்தையாயின் மடலைக் கீழ்நோக்கியும் பின்னோக்கியும், மூத்த பிள்ளையாயின் மேல்நோக்கியும் பின்னோக்கியும் இழுத்தால் குழாய் நேராகும். புட்டியின் முனை காதில் படாமல் சொட்டுகளை விட்டு, முன்மேட்டைச் சிலமுறை மெல்ல அழுத்துங்கள். பிள்ளை 3 முதல் 5 நிமிடம் அவ்வாறே படுத்திருக்கட்டும்.

வலி 2 அல்லது 3 நாள்களில் தணியத் தொடங்கும். தணிந்தது கண்டு மருந்தை நிறுத்திவிடாமல், மருத்துவர் குறித்த நாள்வரை விட்டு வாருங்கள். அதுவரை காதில் நீர் புகாமல் காத்துக்கொள்ளுங்கள், நீச்சல் வேண்டா. 3 நாளாகியும் வலி தணியாவிடினும், காய்ச்சல் கண்டாலும், காதின் பின்புறம் வீங்கினாலும், காது மந்தமானாலும் தாமதியாமல் மருத்துவரிடம் திரும்பச் செல்லுங்கள்.

இனி நீந்திவந்த பிள்ளையின் தலையை இருபுறமும் சாய்த்து நீரை வடியவிட்டு, வெளிக்காதை மட்டும் துணியால் துடைத்துவிடுங்கள். காதினுள் எதையும் நுழைக்க வேண்டா.