உடைக்குமுன் கட்டுக

போர்க்களங்களைச் சிற்றுருவாய் அமைக்கும் கைவினையை விளையாட்டென்று இகழ்வாருளர். நாம் அவ்வாறு கருதோம். ஆயினும் அதற்கும் ஓர் அறமுண்டு என்போம்.

1942ஆம் ஆண்டு ஸ்ராலின்கிராட் நகரிலே, இன்று வொல்கோகிராட் எனப்படும் அவ்விடத்திலே, ‘பவ்லொவ் வீடு’ எனப் பின்னர்ப் பெயர்பெற்ற நான்கு மாடிக் குடியிருப்பைச் சோவியத் வீரர் சிலர் ஏறத்தாழ இரண்டு திங்கள் காத்து நின்றனர். இத்தகைய களத்தை 35இல் ஒரு பங்காக அமைப்பது பெருவழக்கு. அவ்வளவையில் ஐந்தேமுக்காலடி மனிதன் இரண்டங்குலமே ஆவான்.

அமைப்போர் சாந்தினாற் சுவர் வார்ப்பர், உடைப்பர், செங்கற்றூள் தூவுவர், கரி தீட்டுவர். தாங்கியின் ஆணியொன்றேனும் பிழையாது. அவ்வீட்டின் நிலவறையிலே குழந்தை உள்ளிட்ட குடிமக்களும் ஒதுங்கியிருந்தனர் என்பதை நினைப்பார் சிலரே.

இடிபாட்டை அமைக்க விரும்புவோன் முதலில் வீட்டை அமைத்தல் வேண்டும். சுவருக்கு நிறந்தீட்டி, அடுப்பும் கட்டிலும் இட்டு, அதன்பின்னரே உடைத்தல் வேண்டும். குண்டின் வலிமையைச் சுவரிலுள்ள துளை காட்டும். இழந்தது யாதென்பதை அத்துளையூடே தெரியும் கட்டிலன்றோ காட்டும்!

எம் மாணாக்கர் இக்கலையிற் புகுவாராயின், தாங்கிக்குச் செலவிடும் பொழுதிற் பாதியையேனும் அக்கட்டிலுக்குச் செலவிடுவாராக.