ஊசி போட்ட பிறகும் வழி உண்டு

“கதிரியக்க மருந்தை உடம்பில் ஏற்றிவிட்டால் அவ்வளவுதான், இனி செய்ய ஒன்றுமில்லை.” நோயாளியின் உறவினர்கள் மட்டுமல்ல, பிற துறை மருத்துவர்கள் சிலரும் இப்படிச் சொல்கிறார்கள். இது தவறு.

எலும்பு ஸ்கேனுக்குப் போடும் டெக்னீஷியம்-99எம் 6 மணி நேரத்தில் பாதியாகச் சிதையும். அந்த வேகத்தை மாற்ற முடியாது என்பது உண்மை. ஆனால் எலும்பில் சேராத மருந்து சிறுநீரகம் வழியாகச் சிறுநீர்ப்பைக்கு வந்து சேர்கிறது. அடக்கிவைத்திருக்கும் நேரமெல்லாம் சிறுநீர்ப்பைச் சுவரில் கதிர் பட்டுக்கொண்டே இருக்கும். நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழித்தால் அது வெகுவாகக் குறையும். படமும் தெளிவாக வரும். எழுந்து நடக்கச் சிரமப்படும் முதியவர்கள் தண்ணீரையே தவிர்ப்பதுண்டு. அவர்களைக் கைத்தாங்கலாகக் கழிவறைக்கு அழைத்துப்போக ஆள் வைப்பதும் கதிர்வீச்சுப் பாதுகாப்புதான். புற்றுநோய்க்கான லுடீசியம்-177 டோட்டாடேட் சிகிச்சையிலும் இதுபோல் ஒரு வழி உண்டு: மருந்தோடு லைசின், ஆர்ஜினின் கரைசலைச் சேர்த்து ஏற்றுகிறார்கள். சிறுநீரகம் மருந்தைத் திரும்ப உறிஞ்சுவது அதனால் குறைகிறது.

“கதிர்வீச்சு முழுவதும் ஊசியிலிருந்துதான்” என்பதும் சரியல்ல. பெட்-சிடியில் 370 மெகாபெக்கெரல் எஃப்டிஜி என்னும் கதிரியக்க மருந்து தருவது சுமார் 7 மில்லிசீவர்ட். நோயறியும் தரத்தில் முழு உடல் சிடி எடுத்தால் அதன் பங்கு இதையும் மிஞ்சலாம். அண்மையில் தனியாக சிடி எடுத்தவருக்குப் பெரும்பாலும் இடங்காட்டும் குறைந்த அளவு சிடியே போதும். பழைய படங்களைக் கொண்டுவரச் சொல்வது இதற்காகவும்தான்.

அதற்காக மருந்தைக் கண்டபடி குறைக்கவும் கூடாது. படம் மங்கினால் மறுபடி ஊசி; குழந்தைக்கென்றால் எடை பார்த்துத்தான் அளவு.

மிகவும் ஆழமாக வேரூன்றியது தைராய்டு புற்றுநோய் பற்றிய நம்பிக்கை: அயோடின்-131 கூடுதலாகக் கொடுத்தால்தான் மிச்சம் மீதி இல்லாமல் அழியும். 2012இல் பிரிட்டனிலும் பிரான்சிலும் நடந்த இரு ஆய்வுகளின் முடிவு வெளியானது. ஆபத்து குறைந்த நோயாளிகளிடம் எஞ்சிய தைராய்டை அழிப்பதில் 3.7 ஜிகாபெக்கெரலுக்கு 1.1 சளைக்கவில்லை. 2022இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். கட்டி சிறிதாக, நிணநீர்க்கணுவுக்குப் பரவாமல் இருந்தவர்களில், அறுவைக்குப் பின் அயோடினே பெறாதவர்களும் 3 ஆண்டு முடிவில் பெற்றவர்களுக்கு இணையாகவே இருந்தார்கள். இந்நோய் ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் தாக்குகிறது, அதுவும் பலரைப் பிள்ளைபெறும் வயதில். அயோடின் தேவையில்லை என்றாகிவிட்டால் கைக்குழந்தை உள்ள தாய் தனியறையில் இருக்க வேண்டாம், தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம், பிள்ளையைத் தூக்காமல் நாள்களைக் கடத்தவும் வேண்டாம்.