தகரம் மட்டும் வீடாகாது

காற்றுக்கு ஏழை, பணக்காரன் என்ற பேதமில்லை என்று சொல்வார்கள். ஆனால் அது விட்டுச்செல்லும் அழிவில் அந்தப் பேதம் நன்றாகவே தெரிகின்றது. பங்களாதேஷின் மாணிக்கஞ்ச் மாவட்டக் கிராமங்களுக்கு நேர்ந்தது இதற்குச் சான்று.

1989ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் திகதி மாலை, அங்குள்ள தௌலத்பூர், சாட்டூரியா பகுதிகளை 'டொர்னாடோ' எனப்படும் கடும் சுழல்காற்றுத் தாக்கியது. ஏறக்குறைய 1,300 பேர் மாண்டனர். சுமார் 12,000 பேர் காயமுற்றனர். 80,000 பேர் வீடிழந்தனர். உலகில் பதிவான சுழல்காற்றுகளில் மிகக் கூடிய உயிர்களைக் குடித்தது இதுவே.

அங்கே சித்திரை மாதத்தில், வங்காள விரிகுடாவின் ஈரக்காற்றும் மேற்கிலிருந்து வரும் உலர்காற்றும் சந்திக்கும்போது இடியுடன் புயல்மழை பெய்கின்றது. இதனைக் 'கால்பைசாகி' என்பர். வரட்சியில் வாடும் கமக்காரருக்கு இம்மழை வேண்டும். ஆனால் அதே புயலிலிருந்துதான் சுழல்காற்றும் பிறக்கின்றது. போரோ நெல் முற்றும் காலமும் அதுவே. ஆகவே வீடும் வெள்ளாமையும் ஒரே நாளில் போய்விடுகின்றன.

இத்தனை பேர் மாண்டதற்குக் காற்றின் வேகம் மட்டும் காரணமல்ல. மூங்கில் கப்புகளின் மேல் தகரக் கூரை போட்ட வீடுகளே அங்கு அதிகம். காற்று தாழ்வாரத்துக்குள் புகுந்து கூரையைத் தூக்கினால், அதுவரை நிழல் தந்த தகரமே கத்தியாகப் பறக்கின்றது. ஓடி ஒளிய உறுதியான கட்டடமும் அயலில் இல்லை. ஏழு ஆண்டுகளின் பின், 1996 மே 13இல், அயல் மாவட்டமான தங்காயிலில் வீசிய சுழல்காற்றும் 600க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது.

அதே நாட்டின் கரையோரத்தைப் பாருங்கள். 1970ஆம் ஆண்டுச் சூறாவளியில் மூன்று இலட்சம் பேருக்கு மேல் மாண்டனர். பின்னர் தொண்டர்கள் பயிற்றப்பட்டனர். கொங்கிறீற் அடைக்கலக் கட்டடங்கள் எழுந்தன. எச்சரிக்கை வீடு வீடாகச் சென்றது. 2007இல் வீசிய 'சிடர்' சூறாவளியில் மாண்டோர் சுமார் 3,400 பேர். அதுவும் பெரிய இழப்பே. எனினும் உயிரிழப்பைக் குறைக்க முடியும் என்பதை அது காட்டியது. சூறாவளிக்கு நாட்கணக்கில் அவகாசம் உண்டு, சுழல்காற்றுக்கோ நிமிடங்கள்தான். ஆகவே அடைக்கலம் ஓடிச்சேரும் தூரத்தில் இருக்க வேண்டும்.

தறப்பாளின் கீழும் தகரக் கொட்டிலிலும் காலம் கழித்த நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. நிவாரணமாகத் தகரம் தந்தால் நன்றியுடன் பெறுவோம். ஆனால் அத்துடன் நின்றுவிடக் கூடாது. கூரையை வளையோடும், வளையைக் கப்போடும் இறுக்கிக் கட்டக் கம்பி கேட்போம். உக்காத கப்புக் கேட்போம். இவை சாதாரண புயலுக்குத் தாங்கும். கடும் சுழல்காற்றுக்கு இவையும் போதா. அதனால் பத்துப் பதினைந்து வீடுகளுக்கு ஒன்றாவது, கொங்கிறீற் கூரையுடன் ஓர் உறுதியான அறை வேண்டும். சனசமூக நிலையமாகவோ பாலர் பாடசாலையாகவோ விதைநெல் களஞ்சியமாகவோ அது நாளாந்தம் பயன்படலாம்.

மீள்குடியேற்றத் திட்டங்கள் பெரும்பாலும் நம்மைக் கேளாமலே வரையப்படுகின்றன. எத்தனை தகரம் என்று எண்ணுபவர்களிடம், காற்று வந்தால் பிள்ளைகளோடு எங்கே ஓடுவது என்று கேட்கும் உரிமை நமக்குண்டு. வீடு கட்டி முடிந்த பின்பல்ல, அத்திவாரம் வெட்டும் முன்பே அதைக் கேட்போம்.